மொரிஸ் மைனரின் ஒட்டுப் பட்டைகளைக் கழற்றுதல்: பெயின்டுக்கு முந்திய வேலைகளின் பதிவு

வண்டி மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 1098 சி.சி. இன்ஜின். இந்த இன்ஜின் 1962இல்தான் மைனருக்கு வந்தது, ஆகவே வண்டி அதற்குப் பிந்தியது. வேலை நடந்த இடம் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், தகரக் கூரை போட்ட கராஜ். முழு உடலுக்கும் புதுப் பெயின்ட். அதற்கு முன், பல காலமாகப் பலரும் ஒட்டிவிட்டுப் போனவற்றை எடுக்க வேண்டும். அந்தப் பகுதி மட்டுமே இங்கே.

ஒட்டியிருந்தவை: இரண்டு பக்கமும் கதவுகளின் குறுக்கே ஓடும் 25 மி.மீ. அகல ரப்பர் மோல்டிங், பக்கத்துக்கு ஏறக்குறைய 3 மீற்றர். வண்டியின் மொத்த நீளமே 3.76 மீற்றர்தான். மோல்டிங்கின் பின்னால் கறுப்பு ஃபோம் டபுள் டேப். முன் மட்கார்டில் ரப்பருக்கும் அடியில் அதைவிடப் பழைய அலுமினியப் பட்டை ஒன்று, மஞ்சள் கான்டாக்ட் பசையில். மோல்டிங்கின் முனைகள் தூக்கிக்கொண்ட இடங்களிலெல்லாம் யாரோ சிலிக்கன் பிதுக்கியிருக்கிறார்கள். நான்கு கதவுக்கும் மழைக்கான வைசர். டிக்கியில் ஸ்டிக்கர் கோடுகள்.

போனட்டின் நடுப் பட்டையும் பெயர் எழுத்துகளும் இந்தக் கணக்கில் இல்லை. அவை உள்ளிருந்து பிடிக்கப்பட்டவை. எந்தப் பட்டையைத் தொடுவதற்கு முன்பும் தகட்டின் மறுபக்கத்தை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நட்டோ கிளிப்போ பின்னோ தெரிந்தால் அதை உள்ளிருந்து விடுவிக்க வேண்டும். பசை என்று நினைத்து வெளியிலிருந்து நெம்பினால் பின் முறியும், துளை கிழியும். பழைய எழுத்துகளுக்கு மாற்று தேடி, கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் கிடைக்கும் என்று உறுதியில்லை.

"எப்படியும் பெயின்ட் அடிக்கத்தானே போகிறோம், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் என்ன?" கராஜில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெயின்ட் போனால் போகட்டும், தகடு போகக்கூடாது. அக்காலத்து உடல் தகடு சுமார் 0.9 மி.மீ. கனம். ஸ்க்ரூ டிரைவர் முனையை ஊன்றி நெம்பும் ஒவ்வொரு இடத்திலும் சிறு பள்ளம் விழும். 3 மீற்றர் பட்டைக்கு அப்படி நாற்பது ஐம்பது பள்ளம் விழுந்தால், ஒன்றும் இல்லாத கதவுக்குப் பள்ளம் நிரப்பும் பட்டி போட வேண்டி வரும். ஹீட் கன்னும் அப்படித்தான். கதவின் தட்டையான நடுப்பகுதியை ஒரே இடத்தில் காய்ச்சினால் தகடு விரிந்து, ஆறிய பிறகு அழுத்தினால் டப் டப் என்று உள்ளே வெளியே போகும். அதைச் சரிசெய்வது டிங்கர் பாஸுக்கே தலைவலி.

முதலில் பசையின் இனம்

எல்லாப் பசைக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒரு துளியை நகத்தால் கிள்ளி விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஃபோம் டேப்பின் நடுவில் பஞ்சு, இரு முகத்திலும் பசை. இழுத்தால் பஞ்சு பிய்யும், பசை தகட்டிலேயே நிற்கும். சூட்டுக்கு நன்றாக இளகும். மஞ்சள் கான்டாக்ட் பசை பழசானால் பழுப்பு நிறமாகிக் கல் போல் காய்ந்திருக்கும். நகத்துக்குப் பொடியாக உதிரும். சூடு காட்டினால் மறுபடி ரப்பர் ஆகும். கறுப்பு பியூட்டில் எவ்வளவு பழசானாலும் சூயிங்கம் போல் நீளும், மண்ணெண்ணெயில் கரையும். கறுப்பாக இருந்தும் நீளாமல், கத்தியால் வெட்டினால் டயர் ரப்பர் போல் வெட்டுப்பட்டால் அது பொலியூரித்தேன். எந்தக் கரைப்பானும் அதைக் கரைக்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வழுவழுப்பாக, விரலில் ஒட்டாமல், கிள்ளினால் ஜெல்லி போல் துண்டாக வருவது சிலிக்கன். ஐந்தில் மோசமானது இதுதான். காரணம் கீழே.

பசையோடு பெயின்டின் இனமும் தெரிய வேண்டும். டிக்கி மூடியின் உள் விளிம்பில், வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தோம். துணியில் நிறம் இறங்கினால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட். பெயின்ட் சுருங்கித் தோலாக எழுந்தால் சிந்தெடிக் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் டூ-கே, அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயின்ட். இங்கே மேல்படை சுருங்கியது, அடியில் நிறம் இறங்கியது. அதாவது பழைய என்.சி.க்கு மேல் பிறகு எனாமல் அடித்திருக்கிறார்கள். எனாமலுக்கு மேல் தின்னர் கலந்த பெயின்ட் போனால் சுருங்கும் என்பதால் எனாமல் முழுவதையும் எடுப்பது என்று முடிவானது. பசை துடைக்கும் வேலையில் தின்னரைத் தொடுவதில்லை என்பதும் அப்போதே முடிவான விஷயம். தின்னர் எனாமலைக் குழைக்கும், பசையும் பெயின்டும் சேர்ந்து களியாகிப் பட்டை இருந்த 25 மி.மீ. இடம் ஒரு சாண் அகலத்துக்குப் பரவும்.

சூடு

மலைநாட்டில் இந்த வேலை கொழும்பில் செய்வதுபோல் நடக்காது. அங்கே வெயிலில் நின்ற கதவு தொட முடியாத சூட்டில் இருக்கும், டேப் தானாகவே இளகி நிற்கும். ஹட்டனில் காலையில் தகடு 15 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால், நுவரெலியாவில் தை மாதத்தில் அதற்கும் கீழே. அந்தக் குளிரில் டேப்பின் பசை விறைத்துப்போகும். இழுத்தால் டேப் பிய்வதற்கு முன் பெயின்ட் செதில் செதிலாகத் தகட்டை விட்டு வரும், அடியில் பழைய பட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

தகடு 50 முதல் 60 பாகைக்கு வந்தால் போதும். உள்ளங்கையை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்க முடியாத சூடு அது. ஹீட் கன்னை மிகக் குறைந்த நிலையில், 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரு முழம் நீளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முடி உலர்த்தும் டிரையரும் போதும், நேரம்தான் கூடுதல். பழைய என்.சி. எளிதில் தீப்பற்றும், ஆகவே ஹீட் கன்னை உச்சத்தில் வைப்பது முட்டாள்தனம்.

இரண்டும் இல்லாத இடத்தில் கேத்தல் போதும். பழைய துவாயை நான்காக மடித்துப் பட்டையின் மேல் வைத்து, மாஸ்கிங் டேப்பால் பிடித்து, கொதிநீரை மெல்ல ஊற்றி ஐந்து நிமிடம் விட வேண்டும். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். துவாய் வழியாகத் தகட்டுக்குப் போகும்போது இன்னும் குறையும். பெயின்டைக் கருக்க வழியே இல்லாத சூடு இது. வைசரின் பிளாஸ்டிக்கை ஹீட் கன் வளைத்துவிடும் என்பதால் நான்கு வைசரையும் இப்படித்தான் எடுத்தோம். கதவின் உள்ளே தண்ணீர் இறங்கும், அடியில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுத்தல்

மோல்டிங்கை இழுக்கக்கூடாது, அறுக்க வேண்டும். 0.5 அல்லது 0.6 மி.மீ. நைலோன் தூண்டில் நரம்பு, ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக. இரு முனையிலும் சிறு மரக்கட்டை கட்டினால் விரல் அறாது. மோல்டிங்கின் பின்னால் நரம்பை நுழைத்து, இடதும் வலதுமாக வாள் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே முன்னேற வேண்டும். நரம்பு ஃபோமின் நடுவில் ஓட வேண்டும். தகட்டோடு ஒட்டி ஓடினால் பெயின்டில் கோடு விழும், ரப்பரோடு ஓடினால் நரம்பு அறும்.

சூடு காட்டிய ஒரு முழத்தை அறுத்து முடித்த பிறகே அடுத்த முழத்துக்குச் சூடு. அவசரப்பட்டு 3 மீற்றரையும் காய்ச்சினால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் மறுமுனை ஆறிவிடும். அறுத்துத் தளர்ந்த முனையைத் தகட்டுக்குச் சமாந்தரமாக, வந்த வழியே மடக்கி மெதுவாக இழுக்கலாம். இந்தப் பசைக்கு ஒரு குணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் கெட்டியாக நின்று பெயின்டைப் பெயர்க்கும், பொறுமையாக இழுத்தால் நீண்டு விட்டுக்கொடுக்கும்.

பொலியூரித்தேன் வைத்து ஒட்டிய பட்டைக்கு இந்த நரம்பு போதாது. மெல்லிய முறுக்குக் கம்பி தேவை. இந்த வண்டியில் அது இருக்கவில்லை.

முன் மட்கார்டின் அலுமினியப் பட்டையை அறுக்க முடியவில்லை, பசை அவ்வளவு மெல்லியது. 70 பாகை வரை சூடு காட்டி, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரை மிகத் தட்டையாகப் பிடித்து, ஒரு தடவைக்கு விரல் அகலம் என்று தள்ளியதில் வந்தது. ஸ்க்ரேப்பர் முனை மழுங்கும்போது 120ஆம் நம்பர் பேப்பரில் தேய்த்துக் கூராக்கிக்கொள்ளலாம். பழைய பாங்க் கார்ட் முதல் அரை மீற்றருக்குத்தான் தாங்கும். பட்டையின் பின்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நடுவில் மழைநீர் நின்றால் அலுமினியம்தான் அரிக்கப்படும். அந்தப் பொடி ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதைச் சுரண்டியெடுத்துத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

மிச்சப் பசை

ஃபோமின் மிச்சத்தைக் கட்டை விரலால் உருட்டியே பாதி எடுத்துவிடலாம், தகடு சூடாக இருக்கும்போதே செய்தால். அதன்பின் மண்ணெண்ணெய். இரு பக்கத்துக்கும் சேர்த்து அரை லீற்றர் தாராளம். துணியை நனைத்துப் பட்டை இருந்த இடத்தில் ஒட்டி வைத்து, காயாமல் மேலே பொலித்தீன் போட்டு 20 நிமிடம் விட வேண்டும். பசை வீங்கிக் கூழாகும். பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் ஒரே திசையில் வழித்தெடுத்து, வழித்த ஒவ்வொரு முறையும் ஸ்க்ரேப்பரைத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேலையும் ஹீட் கன் வேலையும் ஒரே நேரத்தில் ஒரே கூரையின் கீழ் நடக்கக்கூடாது. பெற்றோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் செய்யாத எதையும் அது இந்தப் பசைக்குச் செய்யாது, ஆபத்து மட்டும் பல மடங்கு.

தேங்காய் எண்ணெய் போடும் பழக்கமும் உண்டு. ஸ்டிக்கர் பசையை அது உண்மையிலேயே இளக்கும். ஆனால் 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். நுவரெலியாவில் போத்தலிலேயே வெள்ளைக் கட்டியாக நிற்பதைத் தகட்டில் தேய்த்துப் பயனில்லை. டிக்கியின் ஸ்டிக்கர் கோடுகளுக்குச் சூடு ஒன்றே போதுமாக இருந்தது.

கான்டாக்ட் பசையின் பழுப்புத் தோலுக்கு மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யவில்லை. அதற்கு ட்ரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம். ஸ்டிக்கர் எடுக்கவென்றே விற்கும் கரமல் நிறச் சக்கரங்கள் இவை. பெரும்பாலானவற்றின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்றுதான், சக்கரத்திலேயே அச்சிட்டிருக்கும். சாதாரணக் கை ட்ரில் 3,000க்குள் ஓடும், பொருந்தும். ஆங்கிள் கிரைண்டர் 11,000 சுற்று. அதில் மாட்டினால் சக்கரம் சிதறி முகத்துக்கு வரும். ட்ரில்லிலும் ஒரே இடத்தில் அழுத்தினால் எனாமல் உருகி இழுபடும். தொட்டு எடுத்து, தொட்டு எடுத்து நகர வேண்டும். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அக்காலப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால், தூள் பறக்கும் எந்த வேலைக்கும் வெறும் கைலேஞ்சி போதாது.

சிலிக்கன்

இதில்தான் பெரும்பாலான பெயின்ட் வேலைகள் கெடுகின்றன. சிலிக்கன் மண்ணெண்ணெய்க்கோ தின்னருக்கோ சாதாரணத் துடைப்பு ஸ்பிரிட்டுக்கோ கரையாது. கண்ணுக்குப் போய்விட்டதுபோல் தெரிந்தாலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தகட்டில் நிற்கும். அதன்மேல் பெயின்ட் விழுந்தால் அந்த இடத்தை விட்டு விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். மீன்கண் என்பார்கள். ஒருமுறை விழுந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் குழி மூடாது, தேய்த்து எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். சிலிக்கன் இருக்கும் இடத்தை முதலில் தேய்க்கவே கூடாது. சாண்ட் பேப்பர் அந்தப் படலத்தைக் கீறல்களுக்குள் திணிக்கும், பேப்பர் போகும் இடமெல்லாம் பரப்பும். முதலில் புது பிளேடைத் தகட்டுக்கு மிகத் தட்டையாகச் சாய்த்துச் சிலிக்கனின் உடலைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு மிச்சத்தை உலர்ந்த விரலால் உருட்டியெடுத்து, உருண்டைகளைத் தரையில் போடாமல் ஒரு டின்னில் சேர்க்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும். அதன்பின்தான் மெழுகும் கொழுப்பும் அகற்றும் பெயின்ட் கடைத் திரவம்.

அந்தத் திரவத்தைப் பயன்படுத்தும் முறையில்தான் தவறு நடக்கிறது. ஒரே துணியால் துடைத்துக் காயவிட்டால் அழுக்கு கரைந்து, பரவி, அங்கேயே காய்கிறது. இரண்டு துணி வேண்டும். ஒன்றால் நனைத்து, திரவம் காய்வதற்கு முன் மற்றொரு உலர்ந்த துணியால் ஒரே திசையில் எடுத்துவிட வேண்டும். ஓர் அடி நீளத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் துணியின் புது முகம். பட்டை இருந்த இடங்களுக்கும் அவற்றைச் சுற்றி ஒரு சாணுக்கும் மூன்று சுற்றுத் துடைத்ததில் ஒரு லீற்றரில் முக்கால்வாசி போனது. துணி பலமுறை வெறும் தண்ணீரில் துவைத்த வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும். புதுத் துணியிலும், மென்மையாக்கி போட்டுத் துவைத்த துணியிலும் சிலிக்கன் இருக்கக்கூடும்.

பார்மசி ஸ்பிரிட்டை நம்புகிறவர்கள் முதலில் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பார்க்கட்டும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்திருக்கும். சொட்டு காய்ந்த இடத்தில் கறை நின்றால் அது கையைத் துடைக்கத்தான் லாயக்கு.

சுத்தமா இல்லையா என்பதற்குச் சோதனை எளிது. சுத்தமான தண்ணீரைத் தெளித்துத் தகட்டைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஒரே விரிப்பாக அரை நிமிடம் நின்றால் சரி. சேம்பு இலையில் விழுந்ததுபோல் உருண்டு விலகினால் அங்கே இன்னும் படலம் இருக்கிறது, மறுபடி சோப்பிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வண்டியின் இடது பின் கதவில், பட்டை முனையிலிருந்து நான்கு விரல் தள்ளிக்கூடத் தண்ணீர் விலகியது. எப்போதோ விரலால் தடவிய சிலிக்கன்.

பட்டை மறைத்தவை

சுத்தமான பிறகு தெரிந்தது: முன் மட்கார்டில் அலுமினியப் பட்டையை ஒருகாலத்தில் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூத் துளைகள், மேலே வெறும் பட்டி. துளையைப் பட்டியால் மட்டும் அடைத்தால் மறுபக்கத்து ஈரம் பட்டிக்குள் ஏறி, ஓரிரு மழைக் காலத்தில் கொப்புளமாக எழும். தென்மேல் பருவக்காற்று வைகாசி முதல் புரட்டாதி வரை நேராக வந்து மோதும் ஹட்டன் சரிவில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பட்டியைத் தோண்டி, துளையைச் சுற்றி இரண்டு அங்குலம் வெறும் இரும்பாக்கி, பின்னால் செப்புத் துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்து, 0.6 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங் வைத்து அடைத்தோம். துளைக்கு ஒரே பொட்டு, ஆறவிட்டு அடுத்த துளை. தொடர்ந்து வைத்தால் மட்கார்ட் நெளியும். செப்பில் வெல்டிங் ஒட்டாது, அதுவே சூட்டையும் உறிஞ்சும்.

ஃபோம் டேப்பின் கீழ் விளிம்பு நெடுகப் புள்ளித் துரு. ஃபோம் நீரைப் பிடித்து வைத்ததன் விளைவு. கம்பிச் சக்கரத்தால் தேய்த்து, குழிகளுக்குள் பொஸ்போரிக் அமிலத் துருநீக்கி. அதைக் காயவிடாமல் வேலை முடிந்ததும் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே சூடுகாட்டி உலர்த்த வேண்டும். அமில உப்பு மிச்சம் இருந்தால் எப்பொக்ஸி பிரைமர் பிடிக்காது.

பட்டை இருந்த கோட்டில் பெயின்ட் ஒரு படியாக நிற்கும். இருபுறமும் எனாமல், நடுவில் என்.சி., அதன் நடுவில் இரும்பு. எனாமலை முழுவதும் எடுத்த பிறகும் என்.சி. விளிம்பு மிஞ்சும். அதைச் சரிவாக்காமல் பிரைமர் அடித்தால், பளபளப்பான பெயின்டில் பழைய பட்டையின் நிழல் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். ஒவ்வொரு படைக்கும் ஒன்று ஒன்றரை செ.மீ. அகலச் சரிவு வேண்டும். மரக் கட்டையில் சுற்றிய 180ஆம் நம்பர் பேப்பர், பிறகு 240, பிறகு 320. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் விளிம்பு தெரியக்கூடாது. வெறும் இரும்பும் பட்டியும் தெரியும் இடத்தில் வாட்டர் பேப்பர் வேண்டாம். பட்டி தண்ணீரை உறிஞ்சும், இந்த ஈரக்காற்றில் அது வெளியே வருவதே இல்லை.

பிரைமர்

கரைப்பான் வைத்துத் துடைத்த பழைய பெயின்ட் அதை உள்ளே இழுத்து வைத்திருக்கும். வெப்பமான ஊரில் ஓர் இரவு போதும். இங்கே இரண்டு நாள் விடுவது நல்லது. அவசரப்பட்டால் சரிவின் விளிம்புகள் பிரைமருக்குக் கீழே வீங்கிக் கோடாக எழும்.

காலை 10 மணிக்கு முன் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடவில்லை. இரவெல்லாம் குளிர்ந்த தகட்டில், கதவைத் திறந்து சற்று வெதுவெதுப்பான ஈரக்காற்றை விட்டதும் வியர்வை படியும், கண்ணுக்கே தெரியாத அளவில். தகடு, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை கூடுதலாக இருக்க வேண்டும். எப்பொக்ஸி பிரைமர் 15 பாகைக்குக் கீழே இறுக மிகவும் தாமதிக்கும், ஆகவே பிற்பகல் 2 மணிக்குள் அடித்து முடித்து, மாலைக் குளிருக்கு முன் சில மணி நேரம் கொடுத்தோம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக்குத் தை முதல் பங்குனி வரை வசதி. பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக்கு அதற்கு நேர்மாறு. அங்கே மழை மார்கழி தையில், ஆனி ஆடியில் வறட்சி. பிரைமருக்கு மேல் என்.சி.தான் என்று இருப்பவர்கள் மெதுவாகக் காயும் தின்னர் வாங்க வேண்டும். வேகமான தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரம் படிந்து, பெயின்டில் வெள்ளை பூக்கும்.

எப்பொக்ஸி இரண்டு மெல்லிய கோட், அதன்மேல் சிறு பள்ளங்களை நிரப்பும் சர்ஃபேசர் இரண்டு கோட். பட்டை இருந்த கோட்டின் மேல் மட்டும் கறுப்புப் பெயின்டை மிக மெல்லியதாகத் தூவி, நீளக் கட்டையில் 400 வைத்துத் தேய்த்தபோது இடது முன் கதவில் மட்டும் கறுப்பு ஒரு நூல் போல் நின்றது. அங்கே இன்னும் பள்ளம் என்று அர்த்தம். சர்ஃபேசர் இன்னொரு கோட் அந்தக் கதவுக்கு மட்டும்.

பக்க மோல்டிங் திரும்ப ஏறாது. வைசர் இல்லாமல் இந்த மழையில் கண்ணாடியை இறக்க முடியாது என்பதால் அவை மட்டும் திரும்ப வரும். டூ-கே அடித்து ஒரு மாதம் கழித்து, புது டேப்பில், வெயில் ஏறிய நேரத்தில் தகட்டையும் டேப்பையும் வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஒட்ட வேண்டும். முனைகளில் சிலிக்கன் கிடையாது. தூக்கினால் டேப்பை மாற்றுவதுதான்.